வெளிச்சத்தில் ஒரு பீர்

போன மாசம் என் சித்தப்பா ஒரு பாரில் உட்கார்ந்துகொண்டு, "லைட்டைப் போடுங்கப்பா" என்றார்.

போட்டார்கள்.

அதன் விளைவாக, போடிநாயக்கனூர் பஜாரில் என்னைக் கண்டால் ரோட்டின் அந்தப் பக்கம் போய்விடுகிறவர்கள் இன்று நாலைந்து பேராவது இருக்கிறார்கள். அதில் ஒருவர் என் பல் டாக்டர். எனக்குக் கடைவாய்ப் பல்லில் வலி வேறு...

பொறுங்கள். கோபத்தில் கடைசியிலிருந்து ஆரம்பித்துவிட்டேன்.

ஆமாம், கோபம்தான். வாராவாரம் இந்த இடத்தில் என்னையே கிண்டல் செய்து பிழைப்பு நடத்துகிறவன் நான். இந்த வாரம் மட்டும் ஊரைத் திட்டிக்கொள்கிறேன். நடுநடுவே பழக்கதோஷத்தில் என்னையும் திட்டிக்கொண்டால் கண்டுகொள்ளாதீர்கள்.

என் கேள்வி ரொம்பச் சின்னது. ஒரு மாமனாரும் மருமகனும் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கிளாஸ் பீர் குடிக்க, இந்த மலையடிவாரத்தில் கௌரவமாக ஒரு இடம் இருக்கிறதா, இல்லையா?

மருமகன் பெயர் சரவணன். என் சித்தப்பா மகள் கலாவைக் கட்டியவன். எனக்கு மாப்ளே. பெங்களூரில் வேலை. கல்யாணப் பேச்சின்போது "மாப்பிள்ளை ஃபுட் டெக்னாலஜி" என்று சொன்னார்கள். பொய் இல்லை, படித்தது அதுதான். பிஸ்கட் கம்பெனி என்பது சித்தப்பா தானாகச் சேர்த்துக்கொண்டது.

கல்யாணம் முடிந்து கொஞ்ச நாளில் பெங்களூர் போனவர், மருமகன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். பெரிய கண்ணாடிக் கட்டடம். உள்ளே ஆளுயரத்துக்குப் பளபளவென்று செம்பு அண்டாக்கள். "கல்யாணத்துக்குப் பாயசம் காய்ச்சுற மாதிரியில்ல இருக்கு!" என்று பூரித்திருக்கிறார். அப்புறம் அண்டாவின் அடியிலிருந்து போகும் குழாயைக் கண்ணாலேயே தொடர்ந்திருக்கிறார். குழாய் முடிகிற இடத்தில் ஒருவர் பெரிய கிளாஸைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கிளாஸில் நுரை.

அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றது என்றால் சண்டை என்று நினைக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் மருமகனோடு சண்டை போட முடியாது, மரியாதைக் குறைச்சல். அதற்கு வேறு ஏற்பாடு உண்டு. நேராகப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். "அவரைச் சாப்பிடச் சொல்லு." "அவரு எந்தப் பஸ்சுக்குக் கெளம்புறாராம்?" அந்த 'அவர்' எதிர் நாற்காலியிலேயே உட்கார்ந்து மிக்ஸர் தின்றுகொண்டிருப்பார்! நடுவில் உட்கார்ந்து தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் வேலை எனக்கு. விசேஷ நாட்களில் எனக்கு இலை போடுவதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

இந்த முறை சரவணன் ஊருக்கு வந்தபோது கையில் ஒரு ஐஸ் பெட்டி. அதற்குள் மூடி திருகிய ஸ்டீல் ஜாடி. கைக்குழந்தையைத் தூக்கிவருவதுபோல் தூக்கிக்கொண்டு வந்தான்.

"என்ன மாப்ளே, இன்சுலினா?"

"பீரு மச்சான். ஏலக்காய் போட்டது. நானே செஞ்சது."

இப்படிக் கொண்டுவருவது சட்டப்படி சரிதானா என்று கேட்டேன். நீளமாக ஒரு விளக்கம் சொன்னான். எனக்குப் புரியவில்லை. புரியாதவரை நான் நிரபராதி.

விஷயத்தை அவன் மெதுவாகத்தான் சொன்னான். ரொம்ப நாள் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த பீராம். பெங்களூரில் அவன் முதலாளிக்குப் பிடித்துவிட்டது. பெயர் வைக்கும் உரிமையை அவனுக்கே கொடுத்துவிட்டார். அவன் மனதில் ஒரே பெயர்தான் - எங்கள் ஊர்ப் பெயர், 'போடி'.

"ஆனா மாமா ஒரு வாய் குடிச்சுட்டு, நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லணும் மச்சான். சொன்னா அந்தப் பேரு. சொல்லலேன்னா வேற ஏதாவது வச்சுக்கிர்றேன்."

"வேற ஏதாவதுன்னா?"

"தெரியல. அதுக்கப்புறம் என்ன பேரு வச்சா என்ன..."

சொல்லிவிட்டு ஜாடியின் மூடியைத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

எனக்கும் ஒரு மடக்கு ஊற்றிக் கொடுத்தான். "ஏலக்காய் தெரியுதா மச்சான்?"

"ஆஹா!" என்றேன்.

ஒன்றும் தெரியவில்லை. ஆனால் நான் எழுத்தாளன் இல்லையா? தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்லிப் பழக்கம் கிடையாது. நாக்குக்கு வயசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சித்தப்பாவை அவருடைய ஏலக்காய்க் கடையில் போய்ப் பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, வெள்ளைத் தட்டில் காயைக் கொட்டி, வெயில் படும்படி சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கலர் பார்க்காமல் அவர் எதையும் வாங்க மாட்டார். வெண்டைக்காய்கூட.

"சித்தப்பா, மாப்ளே ஒரு பீர் செஞ்சிருக்காரு. ஏலக்காய் போட்டது. நீங்க ஒரு வாய் குடிச்சுப் பாக்கணுமாம்."

"எதுக்குடா? எனக்குத்தான் கல்லு போயிருச்சே!"

இதற்கு முன்கதை உண்டு. முன்னொரு காலத்தில் சித்தப்பாவுக்குக் கிட்னியில் கல். "பீரு குடிங்க, கரைஞ்சிரும்" என்று பக்கத்து கமிஷன் கடைக்காரர் வைத்தியம் சொன்னார். டாக்டர் யாரும் சொல்லவில்லை, நீங்களும் முயற்சி செய்யாதீர்கள். சித்தப்பா பாத்ரூமில் நின்றபடி, எவர்சில்வர் தம்ளரில் ஊற்றி, மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். கல் போய்விட்டது - பீரிலா, பயத்திலா என்று தெரியாது. அன்றிலிருந்து அவரைப் பொறுத்தவரை பீர் என்பது மருந்து.

"மருந்தைப் போயி எவனாச்சும் கூட்டுச் சேந்து குடிப்பானாடா? அதுக்கு அண்டா வச்சுக் காய்ச்சுறதை ஒரு சோலின்னு வேற செய்றாரு."

காயைத் தட்டோடு ஓரமாகத் தள்ளினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அவரு அம்புட்டுத் தூரத்துலேருந்து கொண்டாந்துட்டாரு... சரி. வீட்டுல வேணாம். ஒங்க சித்தி ரெண்டு பேரையும் வாசல்லயே நிப்பாட்டிருவா. வெளியில நல்ல எடமாப் பாரு. முதுகு சாயிற மாதிரி நாற்காலி இருக்கணும். தரை ஈரமா இருக்கக் கூடாது. முக்கியமா, தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அப்படி எடம் இருந்தா வர்றேன்."

இவ்வளவுதான். தாஜ்மகாலா கேட்டார்? ஒரு நாற்காலியும் ஒரு காய்ந்த தரையும் கேட்டார்.

தேடக் கிளம்பினோம் மாப்ளேயும் நானும்.

முதலில் ஊருக்குள்ளேயே. கம்பி வலைக்குள் கையை விட்டு வாங்கும் கவுன்ட்டர் - உங்களுக்கும் தெரிந்திருக்கும். தெரியாது என்று சொல்கிறவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன், கம்பி வலை. உள்ளே இருப்பவருக்கு நம் முகம் தெரியாது, கை மட்டும்தான் தெரியும். மிருகக்காட்சி சாலையில் கம்பிக்கு எந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்பதாவது தெளிவாக இருக்கும்!

"பீர் என்ன இருக்குண்ணே?" என்று சரவணன் கேட்டான்.

"இருக்குறதுதான் இருக்கு."

"கூலிங்கா?"

"வெயில் தாழ வாங்க. தானா கூலாயிரும்."

ஒரு பாட்டிலை வாங்கிக்கொண்டு பக்கத்துக் கொட்டகையில் போய் நின்றோம். நாற்காலிகள் இருந்தன, முதுகு இல்லை. முதுகு இருந்தவற்றுக்குக் கால் ஒன்று குறைச்சல். தரையில் தண்ணீர் பாக்கெட்டுகள் மிதந்தன. சரவணன் பாட்டிலைத் திறந்து, வேலைப் பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனான். கண்ணை மூடினான். முகம் சுருங்கியது.

"வெயில்ல கெடந்த பாட்டில் மச்சான். வெளிச்சம் பட்டாலே பீரு கெட்டுப்போகும். இது ரொம்ப நாளாக் காஞ்சிருக்கு."

பக்கத்தில் நின்ற பெரியவர் பொறுமை இழந்துவிட்டார். "தம்பி, மோந்து பாக்கவா வாங்குன? குடிக்கலேன்னா இங்கிட்டுத் தள்ளு."

தள்ளிவிட்டு வந்தோம்.

எனக்கு எங்கே பற்றிக்கொண்டு வருகிறது தெரியுமா? துணி எடுக்கப் போனால் ஏசி. நகை எடுக்கப் போனால் ஏசியோடு ரோஸ்மில்க். மாட்டுத் தீவனக் கடையில்கூட "உக்காருங்கண்ணே" என்று ஸ்டூலைத் துடைத்துப் போடுகிறார்கள். இதை மட்டும் ஏன் திருடனைப்போல நின்று வாங்கி, திருடனைப்போல நின்று குடிக்க வேண்டும்? குடிக்காதே என்றால் மூடிவிட்டுப் போங்கள். சத்தியமாக எழுந்து நின்று கைதட்டுவேன். விற்பேன், ஆனால் நீ மனிதனைப்போல உட்காரக் கூடாது என்றால்... அது என்ன கொள்கை? 

அடுத்து தேவாரம் பக்கம். அங்கே ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது, நண்பர்கள் கூடி உட்காருவார்கள் என்று யாரோ சொன்னார்கள். போனோம். அருமையான நிழல், காற்று, கயிற்றுக் கட்டில். ஆனால் ஒருவரையும் காணோம். காவலுக்கு இருந்தவரிடம், "சாயங்காலம் பெரியவர் ஒருத்தரைக் கூட்டியாந்து கொஞ்ச நேரம் ஒக்காரலாமாண்ணே?" என்று கேட்டேன்.

"ஒக்காரலாம். ஆனா பொழுது சாய அவரு வந்துருவாரு."

"யாரு, ஓனரா?"

"ஆனை."

முறிந்து கிடந்த தென்னங்கன்றுகளைக் காட்டினார். இந்த வட்டாரத்திலேயே காற்றோட்டமாக உட்கார்ந்து விருந்து சாப்பிடும் பாக்கியம் யானைக்கு மட்டும்தான் வாய்த்திருக்கிறது. அவரிடம் போட்டி போடும் உடம்பு எனக்கு இருந்தாலும் தைரியம் இல்லை.

மிச்சம் இருந்தது மலைதான். முருகேசனின் ஜீப்பைப் பிடித்தோம். விடியலில் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போய் இறக்கிவிட்டுத் திரும்பி வந்திருந்தார். சொட்டுக் குடிக்காத மனிதர். ஏன் என்று கேட்டால், "எனக்கு இந்த வளைவுகளே போதைண்ணே" என்கிறார். கொண்டை ஊசி வளைவுகளில் அவர் திருப்புகிற வேகத்தைப் பார்த்தால் உண்மை என்றுதான் தோன்றும்.

போடிமெட்டு தாண்டிக் கேரளத்துக்குள் இறங்கியதும், ஏலத்தோட்டத்துக்கு நடுவில் ஒரு ரிசார்ட். கண்ணாடி, மூங்கில், மெல்லிய பாட்டு. மெனு கார்டில் 'ஸ்பைஸ் பீர்' என்று போட்டிருந்ததைக் கண்டு சரவணன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டான். வந்தது. சாதாரண பீர். மேலே ஒற்றை ஏலக்காய், மழைக்கு விளக்கில் விழுந்த பூச்சியைப்போல மல்லாந்து மிதந்தது.

"தோட்டத்துக் காயா?" என்று கேட்டான்.

"இல்ல சார், பாக்கெட்" என்றார் வெயிட்டர்.

ஜன்னலுக்கு வெளியே, கை நீட்டினால் பறிக்கும் தூரத்தில், செடி நிற்கிறது! உள்ளே பாக்கெட்! நான் எழுந்தேவிட்டேன். சரவணன் என்னைப் பிடித்து உட்காரவைத்தான். கடைசியில் வெயிட்டர் இன்னொன்றும் சொன்னார். இனிமேல் வந்தால் ரூம் எடுத்தவர்களுக்கு மட்டும்தானாம். மாமனாரும் மருமகனும் ஒரு கிளாஸ் பீருக்காக மலையில் ரூம் போட்டார்கள் என்று பஜாரில் தெரிந்தால்... வேண்டாம்.

பூப்பாறை போகும் வழியில்தான் அந்த இடம் கிடைத்தது. மாடியில் ஒரு பீர் பார்லர். வெயிலிலிருந்து உள்ளே நுழைந்ததும் ஒன்றுமே தெரியவில்லை. படம் ஆரம்பித்த பிறகு தியேட்டருக்குள் போவதுபோலத் தடவித் தடவிப் போய் ஒரு நாற்காலியைக் கண்டுபிடித்தேன். தொட்டுப் பார்த்தேன். முதுகு இருந்தது! காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தேன். காய்ந்திருந்தது! பீர் ஜில்லென்று வந்தது. சரவணன் மோந்து பார்த்துவிட்டு, "இது பரவால்ல மச்சான்" என்றான். அவன் வாயில் அது பெரிய பட்டம்.

ஓனர் வர்க்கீஸ் நல்ல மனிதர். கோட்டயத்திலிருந்து வந்து கடையை எடுத்துக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. கதையைச் சொன்னோம். "அப்பச்சனைக் கொண்டுவா சாரே. ஆ ஜாடியும் கொண்டுவா. நம்ம பீரும் ஒண்ணு வாங்கிக்கோ, அது மதி, போதும்" என்று பெரிய மனதோடு சொல்லிவிட்டார்.

"எல்லாம் சரி சேட்டா, ஏன் இம்புட்டு இருட்டு?"

"லைட் எல்லாம் உண்டு சாரே. வரண ஆளுகளுக்கு வேண்டா."

அங்கேயே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். எங்கே புரிந்தது? தெரிந்த மூஞ்சி இருக்கக் கூடாது என்பதுதானே மூன்றாவது நிபந்தனை. இங்கே ஒரு மூஞ்சியுமே தெரியவில்லை. அதைவிட என்ன வேண்டும் என்று சந்தோஷமாக இறங்கிவந்தேன்.

மறுநாள் சித்தப்பா வெள்ளைச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு, ஜீப்பின் முன்சீட்டில் ஏறினார். சித்தியிடம் "லோடு பாக்கப் போறேன்" என்று சொல்லியிருந்தார். பின்னால் நானும், ஐஸ் பெட்டியை மடியில் வைத்த மாப்ளேயும். போடிமெட்டில் பனி இறங்கியது.

"அவருக்குக் குளுரலையான்னு கேளுடா."

"மாப்ளே, குளுருதா?"

"இல்ல மச்சான். மாமாவைக் காதை மூடிக்கிறச் சொல்லுங்க."

"சித்தப்பா, காதை மூடிக்கிறணுமாம்."

முருகேசன் சிரிப்பை அடக்கியதில் ஒரு வளைவை அகலமாக எடுத்தார்.

பார்லருக்குள் சித்தப்பாவின் கையைப் பிடித்து அழைத்துப்போய் உட்காரவைத்தேன். சுற்றிலும் முணுமுணுவென்று பேச்சு. நாங்கள் வந்ததும் அது ஏனோ சட்டென்று அடங்கியது. சரவணன் ஜாடியின் மூடியைத் திருகினான். இருட்டில் மூடி கை நழுவி மேஜையில் உருண்டது. ஒரு கிளாஸில் ஊற்றி, என்னிடம் கொடுத்தான். நான் சித்தப்பாவிடம் கொடுத்தேன்.

சித்தப்பா கிளாஸை முகத்துக்கு நேரே தூக்கினார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"ஒரு எழவும் தெரியலையே. கலர் பாக்காம எதையும் நான் வாயில வைக்கிறதில்லை... ஏப்பா, லைட்டைப் போடுங்கப்பா!"

ஏலக்காய் ஏல மையத்தில் விலை கேட்டுப் பழகிய குரல் அது. நாலு சுவரிலும் பட்டுத் திரும்பியது. "வேண்டா சாரே..." என்று வர்க்கீஸ் ஓடிவருவதற்குள், கவுன்ட்டரில் இருந்தவர் பயந்துபோய் சுவிட்சைத் தட்டிவிட்டார்.

ட்யூப்லைட்டுகள் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டின. அப்புறம் பளிச்சென்று எரிந்தன.

பக்கத்து மேஜையில் என் பல் டாக்டர். அவருக்கு எதிரே மருந்துக்கடைக்காரர். மூலையில் கோயில் திருவிழாக் கமிட்டிப் பொருளாளர், மெனு கார்டால் முகத்தை மூடியபடி. மூடி என்ன பிரயோஜனம், மோதிரம் ஊருக்கே தெரியும். ஜன்னலோரம் சித்தப்பாவுக்குக் கல் கரைய வைத்தியம் சொன்ன அதே கமிஷன் கடைக்காரர். அவருக்கு இன்னும் கல் கரையவில்லைபோல! கடைசி மேஜையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். இந்தப் பத்தியில் நான் மதுவைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் கண்டித்து போஸ்ட்கார்டு போடுகிறவர். அவர் முன்னால் இரண்டு காலி பாட்டில்கள்.

போடி பஜாரே அங்கே இருந்தது. போடியில்தான் யாரும் இல்லை.

"அண்ணே... வாங்கண்ணே" என்றார் கமிஷன் கடைக்காரர் ஈன சுரத்தில். "ஒரு லோடு விஷயமா வந்தேன்..."

"நானும் லோடு விஷயமாத்தான்" என்றார் பொருளாளர், கார்டுக்குப் பின்னாலிருந்து.

"எனக்கு... ஒரு பேஷன்ட்..." என்றார் டாக்டர்.

சித்தப்பா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். அவர் எழுந்து நடையைக் கட்டப்போகிறார், பீரும் போச்சு பெயரும் போச்சு என்று நினைத்தேன். சரவணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி சரி, ஒக்காருங்க" என்றார் சித்தப்பா. "நானும் பீரு குடிக்கத்தான் வந்தேன்."

அந்த ஹாலில் அன்று உண்மை பேசிய ஒரே ஆள்!

பேசிவிட்டுக் கிளாஸை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தார். தேன் நிறம். தலையை ஆட்டினார். ஒரு மடக்கு வாயில் விட்டு, அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். ஹால் முழுக்க அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தது. விழுங்கினார்.

"கலர் நல்லாருக்கு. கசப்பும் அளவா இருக்கு." என்னைப் பார்த்தார். "ஆனா ஏலக்காய் எங்கடா?"

சரவணன் முகம் தொங்கிவிட்டது.

"இல்லையே சித்தப்பா, நல்லா... தெரியுதே" என்று நான் இழுத்தேன்.

"ஒனக்கு என்ன தெரியும்? இந்தா, நீங்க பாருங்க" என்று கமிஷன் கடைக்காரருக்கு ஒரு வாய் ஊற்றச் சொன்னார். அவர் சப்புக்கொட்டி, "காய் வாசமே இல்லண்ணே" என்றார். டாக்டர் குடித்துவிட்டு, "மிளகு போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார். பொருளாளர் கார்டை இறக்காமலே கையை நீட்டி வாங்கிக் குடித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார் - உதடு மட்டும் தெரிந்தது. தலைமையாசிரியர், "ஏலம் என்று சொல்வதற்கில்லை" என்று போஸ்ட்கார்டு நடையில் தீர்ப்பு எழுதினார்.

ஏலக்காயிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். சரவணன் கிளாஸைத் தள்ளிவைத்தான்.

அப்போதுதான் சித்தப்பா நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவன் பக்கம் நேராகத் திரும்பினார்.

"மாப்ளே! எவன்கிட்டய்யா காய் வாங்குனீங்க?"

மாப்ளே! நேராக! நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சரவணன் கவனிக்கவே இல்லை. சித்தப்பாவும் கவனிக்கவில்லை. ஏலக்காயில் ஏமாற்றிவிட்டார்கள் என்ற கோபத்தில் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிருந்தது.

"இது காயா? வெறும் தொலி! உள்ள விதையே இருந்திருக்காது. பழைய சரக்கைத் தள்ளிவிட்டு ஒங்க ஒழைப்பையே நாசம் பண்ணிப்புட்டான். பெங்களூர்க்காரனா? யாருன்னு சொல்லுங்க, வெரசா ஒரு போனைப் போடுறேன். எங்க மாப்ளையையே ஏமாத்துவானா?"

"வேணாம் மாமா..."

"அட, பயப்படாமச் சொல்லுங்க. யாரு?"

"பொங்கச் சீருல... நீங்க அனுப்புன காய் மாமா. கலாதான் எடுத்துக் குடுத்துச்சு."

பொருளாளரின் மெனு கார்டு இன்னும் ஒரு அங்குலம் மேலே ஏறியது.

நிலைமை புரிகிறதா? மகளுக்குப் பொங்கல் சீர் அனுப்பிய காய். அதைத் 'தொலி' என்று அவரே சொல்லிவிட்டார். பஜாரே சாட்சி. இப்போது காய் மட்டம் என்றால், மகளுக்கே மட்டச் சரக்கு அனுப்பியவர் ஆகிறார். காய் நல்ல காய் என்றால், ஏலக்காய் வாசம் தெரியாத ஏலக்காய் வியாபாரி ஆகிறார். சித்தப்பா கிளாஸைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நெற்றி விபூதி வியர்வையில் இறங்க ஆரம்பித்தது.

காப்பாற்றியது வர்க்கீஸ்தான். தட்டோடு வந்தவர் மேஜையருகே நின்று மூக்கை உறிஞ்சினார்.

"இது எந்தா சாரே, ஜாடி தொறந்ததுல இருந்து ஏலக்கா மணம்! கீழே ஹோட்டல்ல டூரிஸ்ட் ஆளு கேக்குன்னு, மேலே பாயசமா வைக்கிறீங்கன்னு!"

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

எனக்குச் சென்னைப் பத்திரிகை ஆபீஸ் ஞாபகம் வந்தது. நான் ஏதாவது கவர் அனுப்பினால், "உங்க கவரைப் பிரிச்சாலே ஆபீஸ் முழுக்க ஏலக்காய் வாசம் சார்" என்பார் உதவி ஆசிரியர். என் எழுத்தைப் பாராட்டத் தெம்பில்லாமல் கவரைப் பாராட்டுகிறார் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். எங்கள் போர்வையில், பஸ் சீட்டில், ரூபாய் நோட்டில், குழந்தைகளின் தலைமுடியில் எல்லாம் அந்த வாசம்தான். வெளியூர்க்காரன் சொன்னால்தான் எங்களுக்குத் தெரியும். மூக்குக்குள்ளேயே குடியிருக்கிற வாசத்தை மூக்கு எப்படி மோப்பம் பிடிக்கும்?

சொன்னேன். சித்தப்பா இன்னொரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, தேடினார். கிடைக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கண்ணைத் திறந்தார்.

"காய் முதல் தரம்" என்றார், ஹாலுக்கே கேட்கும்படி. "மாப்ளே செஞ்சதும் முதல் தரம். நம்ம மூக்குதான்யா கழிவு."

முதலில் சிரித்தவர் தலைமையாசிரியர். அப்புறம் ஹாலே சிரித்தது. பொருளாளரின் கார்டு கீழே விழுந்தது.

"பேரு வச்சுக்கங்க மாப்ளே. போடின்னே வையிங்க. போடிக்காரன் ஒருத்தனுக்கும் வாசம் தெரியலேன்னு மட்டும் போர்டுல எழுதிராதீங்க."

"சரிங்க மாமா" என்றான் சரவணன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கையும் துடைத்துக்கொண்டான்.

இறங்கும்போது ஜீப்பில் இருவரும் பின்சீட்டில் உட்கார்ந்து, எவ்வளவு காய், இடித்துப் போடுவதா, தோலோடு போடுவதா என்று பேசிக்கொண்டே வந்தார்கள். நான் முன்சீட்டில், வேலை போனவனாக, முருகேசனோடு.

இங்கே முடித்திருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் போகவில்லையே! வைத்தியரும் வாத்தியாரும் வியாபாரியும், ஊரில் நாலு பேர் மதிக்கிற மனிதர்கள், வளைவு வளைவாக மலை ஏறி, ஒரு மாநிலத்தையே தாண்டிப்போய், ஒரு கிளாஸ் பீரை இருட்டில் ஒளிந்து குடிக்கிறார்கள். ஊரில் கம்பி வலையைப் போட்டது அரசாங்கம். சரி, திட்டிவிட்டேன். ஆனால் வர்க்கீஸின் ஹாலில் நாற்காலி இருந்தது, காய்ந்த தரை இருந்தது, லைட்டும் இருந்தது. அங்கே இருட்டைப் போட்டது யார்?

வர்க்கீஸ் போன் செய்தார். அன்றைய கலகலப்பைப் பார்த்து, இனிமேல் லைட் எரியட்டும் என்று விட்டிருக்கிறார். மறுநாளிலிருந்து ஒரு ஈ, காக்கை வரவில்லையாம். பழையபடி அணைத்துவிட்டார்.

ஒரே ஒரு மேஜைக்கு மேலே மட்டும் ஒரு பல்பு எரிகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சரவணன் இரண்டாவது ஜாடியோடு வந்தபோது, மாமனாரும் மருமகனும் அதன் கீழே ராஜாக்கள் மாதிரி உட்கார்ந்து, கலர் பார்த்துப் பார்த்துக் குடித்தார்கள். அந்த வெளிச்சம் எட்டுகிற தூரத்துக்குள் வேறு ஒருவரும் நாற்காலி போடவில்லை.

நானா? நான் இருட்டில், பஜாரில் என்னைக் கண்டால் ஒதுங்கும் அதே பல் டாக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தேன்!